சான்றிதழ் கேட்டால் தீருமா? பூர்வகுடி என்று பொய் சொன்ன பேராசிரியர்கள் பற்றி

கனடாவிலும் அமெரிக்காவிலும் சில பேராசிரியர்கள் தாங்கள் பூர்வகுடி மக்கள் என்று பொய் சொல்லிப் பதவிக்கு வந்த செய்திகளைப் படித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நம்மூர் மாதிரி சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பார்களே, ஏன் கேட்கவில்லை என்பது ஒன்று. பாடத்தை ஒழுங்காக நடத்துகிறவர் யாருக்குப் பிறந்தால் என்ன, இதில் யாருக்கு நஷ்டம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: ஒருவர் இன்ன மக்களைச் சேர்ந்தவர் என்று சொல்லும் உரிமை யாருடையது? அவருடையதா, அரசாங்கத்துடையதா, வேலை கொடுக்கும் பல்கலைக்கழகத்துடையதா, அல்லது அந்த மக்களுடையதா? இதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் தானாகத் தெளியும்.

நான் கனடாவில் சமூகவியல் கற்பித்தவன். ஆள் எடுக்கும் குழுக்களில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். பூர்வகுடியைச் சேர்ந்தவன் இல்லை, வழக்கறிஞனும் இல்லை. ஆகவே யார் க்ரீ என்ற பூர்வகுடி, யார் மேட்டி (ஐரோப்பியரும் பூர்வகுடிகளும் கலந்து உருவான தனி மக்கள்) என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. அந்தப் பொய் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது, கதவைத் திறந்து வைத்தது யார் என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

அதிகம் பேசப்பட்ட ஒன்றிலிருந்து தொடங்கலாம். கேரி புராசா கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அதோடு, கனடா அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பில் பூர்வகுடி மக்களின் உடல்நலத்துக்கென்று இருக்கும் நிறுவனத்தின் அறிவியல் இயக்குநராகவும் இருந்தார். அதாவது நாடு முழுக்க அந்தத் துறை ஆராய்ச்சி எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்லும் நாற்காலி. தான் மேட்டி, அனிஷினாபே, ட்லிங்கிட் என்ற மூன்று பூர்வகுடிகளும் கலந்த வம்சம் என்று சொல்லிவந்தார். 2019-இல் ஒரு மேடையில் தன்னை 'காலை நட்சத்திரக் கரடி' என்ற பெயரால் அறிமுகம் செய்துகொண்டு கண்கலங்கப் பேசினார். ட்லிங்கிட் என்று அவர் சொன்ன கொள்ளுப்பாட்டி, 1911-இல் ரஷ்யாவிலிருந்து குடியேறிய, செக் மொழி பேசும் குடும்பத்துப் பெண் என்பதைச் சிபிசி செய்தி நிறுவனம் 2021 அக்டோபரில் ஆவணங்களோடு வெளியிட்டது. குடும்ப மரத்தில் எந்தப் பக்கம் போனாலும் கிழக்கு ஐரோப்பாதான் வந்தது. ஒரு மேட்டிப் பெரியவர் தன்னைத் தத்தெடுத்துக்கொண்டார் என்று புராசா பிறகு விளக்கம் சொன்னார். 2022 ஜூனில் பதவி விலகினார். இதில் கவனிக்க வேண்டிய ஆட்கள் வேறு சிலர். செய்தி வருவதற்கு முன்பே அவருடைய பூர்வகுடிச் சக ஊழியர்கள், வினோனா வீலர், கேரலைன் டெய்ட் போன்றவர்கள், பழைய பதிவேடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதாவது விஷயம் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஏன் யாரும் கேட்கவில்லை? இதற்குப் பதில் கொஞ்சம் அலுவலகத் தூசி படிந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் 1995-இல் வந்த வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் பெண்கள், பூர்வகுடிகள், மாற்றுத்திறனாளிகள், வெள்ளையரல்லாதோர் என்று நான்கு பிரிவினரைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் ஒருவரைச் சேர்ப்பதற்கு அவரே தன்னை அப்படி அடையாளம் சொல்ல வேண்டும். முதலாளி முகத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, துருவிக் கேட்கவும் கூடாது என்பதற்காக வைத்த நல்ல விதி அது. நோக்கம் புள்ளிவிவரம். ஆனால் போகப்போகப் பல்கலைக்கழகங்கள் புள்ளிவிவரத்துக்கு வைத்த அதே கட்டத்தைத் தகுதிக்கான சான்றாகவும் எடுத்துக்கொண்டன. 'பூர்வகுடி அறிஞர்களுக்கு மட்டும்' என்று விளம்பரம் வரும். விண்ணப்பத்தில் ஒரு டிக். முனைவர் பட்டத்துக்குச் சான்று கேட்பார்கள், பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்பார்கள், இதற்கு மட்டும் வாய்ச்சொல் போதும்.

அந்த நேரத்தில் நெருக்கடியும் கூடியது. உண்டுறைப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகளைக் கொடுத்தது. பல்கலைக்கழகங்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பூர்வகுடி ஆசிரியர்களைத் தேடத் தொடங்கின. 2016 கணக்கெடுப்பின்படி கனடா மக்கள்தொகையில் பூர்வகுடிகள் 4.9 சதவீதம். பல்கலைக்கழக ஆசிரியர்களில் அவர்கள் பங்கு 1.4 சதவீதம்தான். அரசு நிதியில் நடக்கும் 'கனடா ஆராய்ச்சி இருக்கைகள்' என்ற பேராசிரியர் பதவிகளில் 2029-க்குள் 4.9 சதவீதம் அவர்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கும் வந்தது. அப்படிப்பட்ட ஒரு குழுவில் இருந்து பார்த்தால் தெரியும்: பூர்வகுடி என்று சொல்லிக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில், நிறைய வெளியீடுகளோடு ஒரு விண்ணப்பம் வந்தால் மேசையில் எல்லோர் முகத்திலும் நிம்மதி. அந்த நிம்மதியைக் கெடுக்கும் கேள்வியைக் கேட்க யாருக்கும் மனம் வராது. அதிலும் வெள்ளைக்காரர்களும் என்னைப் போல் வந்தேறிகளும் நிறைந்த குழுவில், 'நீங்கள் எந்த ஊர், யார் பிள்ளை' என்று கேட்பது இனவாதமாகிவிடுமோ என்ற பயம் வேறு. ஆனால் அந்த மக்கள் தங்களுக்குள் சந்திக்கும்போது கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வியே அதுதான். புதிதாக ஒரு கிராமத்துக்குப் போனால் திண்ணையில் இருக்கும் கிழவி உங்களை 'யார் வீட்டுப் பிள்ளைப்பா' என்று கேட்பாரே, கிட்டத்தட்ட அப்படி. உண்மையானவர்கள் அந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை. பாட்டி பெயர், ஊர் பெயர், எந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் என்று பேச்சு வளரும். பொய் சொல்கிறவர்தான் 'என் அடையாளத்தைச் சந்தேகிக்கிறீர்களா' என்று எகிறுவார். கேட்காமல் விட்டதில் பல்கலைக்கழகத்துக்கும் லாபம் இருந்தது என்பதுதான் என் கருத்து. தலைக் கணக்குக் கூடியது, விளம்பரப் படத்துக்கு ஆள் கிடைத்தது.

சரி, அப்படியானால் சான்றிதழ் கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். இங்கேதான் கனடாவின் வரலாறு குறுக்கே நிற்கிறது. அங்கே பூர்வகுடிகளை 'இந்தியர்' என்று அரசு பதிவு செய்து அட்டை கொடுப்பது 1876-இல் வந்த இந்தியர் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்தின் நோக்கம் பூர்வகுடிகளை எண்ணிக் காப்பது அல்ல, எண்ணிக்கையைக் குறைப்பது. முதல் வடிவத்தில் ஒரு விதி இருந்தது: ஒரு பூர்வகுடி பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினாலோ, மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ பாதிரியாராகவோ ஆனாலோ, அந்தக் கணமே அவர் சட்டப்படி 'இந்தியர்' இல்லை. நான்கு வருடத்தில் அதை, அவரே மனுப் போட்டால் என்று தளர்த்தினார்கள். என்றாலும் படித்தவன் இனி இந்தியனாக இருக்கத் தேவையில்லை என்ற எண்ணம் அந்தச் சட்டத்தை விட்டுப் போக வெகுகாலம் ஆயிற்று. ஒரு காலத்தில் பட்டம் வாங்கியதற்காக ஒருவரின் பூர்வகுடிப் பதிவை அழித்த நாட்டில், இன்று பூர்வகுடி என்று பொய் சொல்லிப் பேராசிரியர் ஆகிறார்கள். இதைவிடக் கசப்பான முரண் எனக்குத் தெரியாது.

பெண்களுக்கு நடந்தது இன்னும் மோசம். பதிவு பெற்ற ஒரு பூர்வகுடிப் பெண் வெளியாளைக் கல்யாணம் செய்தால் பதிவு போய்விடும், அவள் பிள்ளைகளுக்கும் கிடையாது. பதிவு பெற்ற ஆண் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டினால் அவளுக்குப் பதிவு வந்துவிடும். 1985 வரை இதுதான் சட்டம். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு வரை சான்ட்ரா லவ்லேஸ் என்ற மலிசீட் பூர்வகுடிப் பெண் போய், 1981-இல் சாதகமான முடிவு பெற்ற பிறகுதான் திருத்தினார்கள். திருத்திய பிறகும் இரண்டு தலைமுறை தொடர்ந்து வெளியே கல்யாணம் நடந்தால் பதிவு அறுந்துபோகும் ஏற்பாடு நிற்கிறது. ஆக, அட்டை வைத்திருந்தும் ரத்தத்தில் துளிகூட பூர்வகுடி இல்லாத பாட்டிகள் இருக்கலாம். ஊரிலேயே பிறந்து, மொழி பேசி, அட்டை இல்லாத பாட்டிகளும் இருக்கலாம். மேட்டி மக்களுக்கும், வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களுக்கும் இந்தச் சட்டத்தின் அட்டையே கிடையாது. இதோடு 1960-களில் உச்சத்துக்குப் போன இன்னொரு கொடுமை: குழந்தைகள் நலத்துறை சுமார் 20,000 பூர்வகுடிக் குழந்தைகளைப் பிரித்தெடுத்து, பெரும்பாலும் வெள்ளைக் குடும்பங்களுக்குக் கொடுத்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று அறுபது வயது. தன் அம்மா யார் என்றே தெரியாதவரிடம் எந்தத் தாளைக் கேட்பீர்கள்? சுய அடையாளம் என்ற ஏற்பாட்டைப் பலர் நல்லெண்ணத்தோடு ஆதரித்ததற்கு இவர்கள்தான் காரணம். பொய்யர்கள் நுழைந்ததும் இவர்களுக்காகத் திறந்து வைத்த கதவு வழியாகத்தான்.

நம்மூர் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சான்றிதழ் இருக்கும் இடத்தில் பொய் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். போலிப் பழங்குடிச் சான்றிதழ் வழக்குகள் இந்திய நீதிமன்றங்களில் மலை மாதிரி. மகாராஷ்டிராவிலிருந்து போன மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் ஆய்வுக் குழுக்கள் அமைக்கச் சொல்லி விரிவான நடைமுறை வகுத்தது. குலதெய்வம், கல்யாணச் சடங்கு, இறப்புச் சடங்கு எல்லாம் கேட்டு ஒருவர் அந்தப் பழங்குடியோடு ஒட்டுகிறாரா என்று பார்ப்பதும் அதில் உண்டு. நகரத்தில் பிறந்து வளர்ந்த பழங்குடிப் பையனுக்குப் பழைய சடங்கு தெரியாமல் போகலாம், நன்றாகப் படித்துவிட்டு வந்த பொய்யனுக்குத் தெரிந்திருக்கலாம் என்பதால், அந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்று 2023-இல் அதே நீதிமன்றம் சொன்னது. பொய்ச் சான்றிதழால் கிடைத்த வேலையும் படிப்பும் நிற்காது என்பது 2017 தீர்ப்பு. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் கனடாவைவிடக் கறாரானது. ஆனால் மறுபக்கம், தமிழ்நாட்டில் இருளர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் அந்தத் தாளுக்காக எத்தனை முறை வருவாய் அலுவலகப் படி ஏறி இறங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தாள் பொய்யனை முழுசாகத் தடுக்காது, உண்மையானவனை நன்றாகவே தடுக்கும்.

கனடாவிலும் பட்டியல் ஏமாந்த கதை உண்டு. இனூயிட் மக்களுக்கு, அரசோடு அவர்கள் செய்துகொண்ட நூனவுட் நில ஒப்பந்தத்தின் கீழ் அவர்களே நடத்தும் பயனாளிப் பட்டியல் இருக்கிறது. டொரன்டோவைச் சேர்ந்த ஒரு தாய், தன் இரட்டை மகள்களை ஓர் இனூயிட் பெண்ணிடமிருந்து தத்தெடுத்ததாக எழுதிக் கொடுத்து 2016-இல் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார். படிப்புக்கென்று சுமார் 1,58,000 டாலர் உதவித்தொகை வந்தது. 2024-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்று வருடச் சிறை. மகள்கள் மேலிருந்த குற்றச்சாட்டு விலக்கப்பட்டது. இந்த விவகாரங்களில் ஒருவர் சிறைக்குப் போவது மிக அபூர்வம். அவர் போனதற்குக் காரணம், பணத்துக்குக் கணக்கு இருந்தது, எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. பேராசிரியர்கள் சொன்ன பொய் பெரும்பாலும் மேடையில், முன்னுரையில், ஒரு டிக்கில் இருந்தது. அதை மோசடி வழக்காக நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

மரபணுச் சோதனை செய்தால் போதாதா என்று உங்கள் அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். அமெரிக்காவில் அரசியல்வாதி எலிசபெத் வாரன் அதைச் செய்து பார்த்தார். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் இருந்தபோது அவரைப் பூர்வகுடிப் பேராசிரியராகக் கணக்குக் காட்டியது சர்ச்சையானது. வீட்டில் சொல்லி வளர்த்த கதை அது என்றார் அவர். 2018-இல் சோதனை முடிவை வெளியிட்டார்: ஆறிலிருந்து பத்துத் தலைமுறைக்கு முன் ஒரு பூர்வகுடி மூதாதை இருந்திருக்கலாம். செரோக்கி நாடு (செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடியின் சொந்த அரசு) இதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை, கண்டித்தது. செரோக்கியாக இருப்பது குடியுரிமை, எச்சிலில் கண்டுபிடிக்கும் சங்கதி அல்ல என்பது அவர்கள் வாதம். அடுத்த ஆண்டு வாரன் மன்னிப்புக் கேட்டார். டகோட்டா மக்களைச் சேர்ந்த அறிஞர் கிம் டால்பேர் பல காலமாகச் சொல்லிவருவதும் இதையே: நீங்கள் யாரை உரிமை கொண்டாடுகிறீர்கள் என்பது பெரிதல்ல, உங்களை யார் உரிமை கொண்டாடுகிறார்கள் என்பதே கேள்வி. கியூபெக்கிலும் கிழக்குக் கரையிலும் பதினேழாம் நூற்றாண்டில் ஒரே ஒரு பூர்வகுடிப் பாட்டி இருந்ததைப் பிடித்துக்கொண்டு 'நாங்களும் மேட்டி' என்று கிளம்பியவர்கள் ஏராளம். பத்துத் தலைமுறை பின்னால் போனால் நம் ஒவ்வொருவருக்கும் ஆயிரத்துக்கு மேல் மூதாதை வருவார்கள். அதில் ஒருவரைப் பொறுக்கி எடுத்து அதுதான் நான் என்பது வம்சாவளி ஆகாது, தேர்வு. கனடா உச்ச நீதிமன்றம் 2003-இல் பௌலி வழக்கில் மேட்டி உரிமைக்கு மூன்றையும் கேட்டது: தானே அப்படி அடையாளம் காண வேண்டும், வரலாற்றுச் சமூகத்தோடு வம்சத் தொடர்பு இருக்க வேண்டும், இன்றைய சமூகம் ஏற்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் மூன்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டன.

எல்லாமே புராசா விஷயம் போலக் கறுப்பு வெள்ளையாக இருக்காது. மேரி எலன் டர்பெல்-லஃபோண்ட், முன்னாள் நீதிபதி, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய அப்பா க்ரீ என்று சொல்லிவந்ததைச் சிபிசி 2022-இல் கேள்விக்குள்ளாக்கியது. பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார், கௌரவப் பட்டங்கள் பல போயின. ஆனால் 2024-இல் மாகாண வழக்கறிஞர் சங்கத்தின் விசாரணை முடிந்தபோது, அவருடைய மரபணுச் சோதனை அண்மைத் தலைமுறைப் பூர்வகுடி வம்சாவளிக்குப் பொருந்துகிறது என்று பதிவானது. அவர் கல்யாணம் செய்துகொண்ட குடும்பம் க்ரீ. அந்தச் சமூகத்தினர் பலர் அவரைத் தங்களவர் என்றே சொல்கிறார்கள். இப்போது என்ன சொல்வீர்கள்? மேலே மரபணுவை நம்பாதே என்ற நானே இங்கே அதைக் காட்டி அவரைக் காப்பாற்ற முடியாது. காகிதம் சொல்லும் கதை, உடம்பு சொல்லும் கதை, சமூகம் சொல்லும் கதை மூன்றும் வெவ்வேறு பக்கம் இழுக்கும்போது வெளியாள் வாயை மூடிக்கொள்வதே உத்தமம் என்று நினைக்கிறேன். நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வியான் டிமன்ஸ் விஷயம் இன்னொரு வகை. குடும்பத்தில் மிக்மாக் என்ற பூர்வகுடி வம்சம் உண்டு என்றும், ஒரு காலத்தில் அரசு அங்கீகரிக்காத ஒரு குழுவில் உறுப்பினராக இருந்தேன் என்றும் சொன்னார். நான் பூர்வகுடி என்று சொல்லிக்கொள்ளவில்லை, வம்சாவளியைத்தான் சொன்னேன் என்று வாதாடினார். 2023 ஏப்ரலில் பதவி போனது. பொய் ஒரு பக்கம், குடும்பக் கதையை நம்பியது ஒரு பக்கம், நம்பியதை வசதியாக உபயோகித்தது ஒரு பக்கம். மூன்றுக்கும் ஒரே தண்டனை சரிதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இனி யாருக்கு நஷ்டம் என்பதற்கு வருகிறேன். ஒரு வேலை ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குப் போனது என்று மட்டும் பார்த்தால் விஷயம் சின்னது. ஓர் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் இப்படிப் பொய் சொன்னால் இழப்பு ஏறக்குறைய அந்த வேலையோடு முடியும். ஆனால் இந்தப் பொய்கள் பெரும்பாலும் எங்கே நடந்தன பாருங்கள்: பூர்வகுடி உடல்நலம், பூர்வகுடிச் சட்டம், பூர்வகுடிக் கலை, பூர்வகுடி ஆய்வுகள். அங்கே ஆசிரியரின் அனுபவமே பாதிப் பாடம். 'எங்கள் மக்கள் இதை இப்படித்தான் பார்க்கிறார்கள்' என்று அவர் சொல்வது சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். எந்த ஆய்வுக்குப் பணம், எந்த ஊருக்குள் ஆய்வாளர் போகலாம், பெரியவர்களிடம் கேட்டறிந்ததை எப்படி வெளியிடலாம் என்பதிலெல்லாம் அவர் குரல் அந்தச் சமூகத்தின் குரலாகப் பதிவாகும். அரசு 'பூர்வகுடிகளைக் கலந்துதான் முடிவெடுத்தோம்' என்று சொல்லும். கலந்தது யாரை? ஒரு மக்கள் பேச வேண்டிய இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் நஷ்டம். பாடம் நன்றாக நடத்தினாரா என்பது அப்புறம்.

அடுத்து, அவர்கள் சொன்ன கதைகளின் தன்மை. பொய்யாக வருகிறவர் தன் பூர்வகுடித்தனத்தை நிரூபிக்க வெள்ளைக்காரர் எதிர்பார்க்கும் கதையைத்தான் சொல்வார்: குடி, அடி, வறுமை, அப்புறம் மீட்சி. சால்வை, கழுகு இறகு, கண்ணீர். உண்மையான பூர்வகுடி மாணவி அதே அறையில் உட்கார்ந்து இதைக் கேட்கிறாள். அவள் அப்பா பள்ளி ஆசிரியராக இருக்கலாம், வீடு அமைதியான வீடாக இருக்கலாம். அவளுக்கே தான் போதுமான அளவு பூர்வகுடி இல்லையோ என்று தோன்றும். பல வருடங்களில் நான் கவனித்தது, உண்மையானவர்கள் விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு வரிதான் எழுதுவார்கள். சிலர் அதையும் எழுத மாட்டார்கள், சலுகையில் வந்தவள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம். நீளமாக எழுதுகிறவர் எல்லாம் பொய்யர் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நடிப்புக்கு மதிப்பெண் போடும் குழு நடிகரைத்தான் எடுக்கும் என்பதைச் சொல்ல வந்தேன்.

பொய் வெளிப்பட்ட பிறகும் நஷ்டம் நிற்பதில்லை. அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரைச் சுமக்க வேண்டும். நம்பி வீட்டுக்கு அழைத்துச் சடங்கில் உட்கார வைத்த பெரியவர்களுக்கு நேர்ந்தது அவமானம். கேள்வி எழுப்பிய பூர்வகுடிப் பெண்களைப் பொறாமைக்காரிகள், சொந்த மக்களையே கடித்துக் குதறுகிறவர்கள் என்று ஏசியதும் நடந்தது. அப்புறம், வெளிர்நிறத் தோலோடு பிறந்த, தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த உண்மையான பூர்வகுடிகள் இப்போது எந்த அறைக்குள் போனாலும் ஒரு சந்தேகப் பார்வையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. பூர்வகுடிகளுக்கு எதுவும் தரக்கூடாது என்று முன்பே நினைத்தவர்களுக்கோ கைநிறைய ஆயுதம்: பார்த்தீர்களா, எல்லாமே ஏமாற்று என்று.

பல்கலைக்கழகங்கள் இதற்கு என்ன செய்தன? பெரும்பாலும் சத்தமில்லாமல் கணக்கை முடித்தன. கலிஃபோர்னியாவில் பேராசிரியர் ஆண்ட்ரியா ஸ்மித் தான் செரோக்கி என்று சொல்லிவந்ததைக் கேள்வி கேட்டு 2015-இல் பூர்வகுடிப் பெண் அறிஞர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர் வேலை பார்த்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் 13 ஆசிரியர்கள் முறைப்படி புகார் கொடுத்தது 2022-இல். 2023-இல் வந்த உடன்பாட்டின்படி அவர் 2024 ஆகஸ்டில் ஓய்வுச் சலுகைகளோடும் ஓய்வுநிலைப் பேராசிரியர் பட்டத்தோடும் போகலாம் என்று முடிவானது. அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியர் எலிசபெத் ஹூவர், தான் மோஹாக், மிக்மாக் என்று வீட்டில் சொன்னதை நம்பி வளர்ந்ததாகவும், ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை, தான் ஒரு வெள்ளைப் பெண் என்றும் 2023-இல் எழுதி மன்னிப்புக் கேட்டார். இத்தனையும் பத்திரிகைகளும் பூர்வகுடி ஆட்களும் வெளியே கொண்டுவந்தவை. பல்கலைக்கழகம் தானாகத் தேடிக் கண்டுபிடித்த ஒரு பெரிய வழக்கைச் சொல்லச் சொன்னால் எனக்கு வாயில் வரவில்லை.

மாற்றம் தொடங்கிய இடங்களில் ஒன்று, அடி வாங்கிய சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம். 2022-இல் அங்கே பூர்வகுடிகளே சேர்ந்து ஒரு கொள்கை வகுத்தார்கள். அதன் சாரம், பல்கலைக்கழகம் யாரையும் பூர்வகுடி என்றோ இல்லை என்றோ தீர்மானிக்காது, அவரவர் சமூகத்தின் அரசும் அமைப்பும் சொல்வதைத்தான் கேட்கும். புராசா விவகாரத்துக்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்துக்காக விரிவான அறிக்கை எழுதியவர் ஜீன் டெய்லே என்ற மேட்டி வழக்கறிஞர். மேலே சொன்ன பௌலி வழக்கை நடத்தியவரும் இவரே. சுய அடையாளம் மட்டும் போதாது என்று அவர் தெளிவாக எழுதினார். திசை சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் சமூகமே தீர்மானிக்கட்டும் என்பதிலும் சிக்கல் உண்டு. செரோக்கி நாடு தன்னிடம் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் சந்ததியை நெடுங்காலம் குடிமக்களாக ஏற்காமல் இருந்தது. 2017-இல் நீதிமன்றம் சொன்ன பிறகு அவர்கள் உரிமை உறுதியானது. அரசு அங்கீகரிக்காத, ஆனால் உண்மையாகவே பழைய சமூகங்களும் இருக்கின்றன, அவர்கள் தரும் கடிதத்தை யார் ஏற்பது? ஆகவே பதிவு அட்டை உள்ளவருக்கு அட்டை, இல்லாதவருக்குக் குடும்ப வரலாறும் சமூகத்தின் வாக்குமூலமும், இரண்டையும் பார்ப்பது பூர்வகுடிகளே உட்கார்ந்த ஒரு குழு என்று வைத்தால் ஓரளவு நியாயமாக இருக்கும். மெதுவாகத்தான் நடக்கும். நடக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்தியாவில் பழங்குடிச் சான்றிதழ் வைத்திருக்கும் மாணவர்கள் சிலர் கனடாவுக்கு விண்ணப்பிக்கும்போது, படிவத்தில் பூர்வகுடி என்ற கட்டத்தில் டிக் செய்யலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். செய்யாதீர்கள். அங்கே அந்தக் கட்டத்துக்குப் பொருள், 1982 அரசமைப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு சொல்லும் மூன்று மக்கள்: முதற்குடிகள், இனூயிட், மேட்டி. நீங்கள் நீலகிரியில் எத்தனை தலைமுறை வாழ்ந்த பழங்குடியாக இருந்தாலும் அந்த இடம் உங்களுடையது அல்ல. வெள்ளையரல்லாதோர் என்ற வேறு கட்டம் இருக்கும், அதில் குறிக்கலாம். உங்கள் சொந்த வரலாற்றைச் சொல்ல விரும்பினால் விண்ணப்பக் கட்டுரையில் விரிவாக எழுதுங்கள், அதற்குத் தடையில்லை. ஏற்கெனவே தெரியாமல் டிக் செய்திருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். உதவித்தொகை எதுவும் அந்தக் கட்டத்தோடு கோக்கப்படுவதற்கு முன்பே செய்துவிட்டால் நல்லது.